முதலில் வளர்ச்சியா, உரிமையா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு நூலகத்தில் உட்காருகிறேன். மகளிர் குழுக் கூட்டங்களுக்கும் கூப்பிட்டால் போவதுண்டு. மனித உரிமை, பொருளாதார வளர்ச்சி என்று பேச்செடுத்தால் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. மாந்தோப்பு வைத்திருப்பவரும் கேட்கிறார், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வருபவரும் கேட்கிறார், குரூப் 2-வுக்குப் படிக்கும் பெண்ணும் கேட்கிறாள்.

அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. முன்னே சொன்னதைப் பின்னே திரும்பச் சொல்லவில்லை.

டீச்சர், மனித உரிமைன்னா போலீஸ் அடிச்சா கேஸ் போடறதுதானே? அதுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

போலீஸ் அடிக்கக் கூடாது என்பதும் மனித உரிமைதான். ஆனால் பட்டியல் அதோடு முடிவதில்லை. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துப் பாருங்கள். 17-ஆவது பிரிவு சொத்து. 23-ஆவது பிரிவு வேலை, நியாயமான கூலி, சங்கம் சேரும் உரிமை. 25-ஆவது பிரிவு சாப்பாடு, துணி, வீடு, மருத்துவம். 26 கல்வி. இதெல்லாம் நம் வீட்டு வரவு செலவுதானே?

1966-இல் இவற்றை இரண்டு உடன்படிக்கைகளாகப் பிரித்தார்கள். பேச்சு, வாக்கு, நியாயமான விசாரணை எல்லாம் ஒன்றில். கூலி, உணவு, உடல்நலம், கல்வி எல்லாம் இன்னொன்றில். இந்தியா 1979-இல் இரண்டிலும் சேர்ந்தது. நம் அரசியலமைப்பில் 21-ஆவது பிரிவு உயிர்வாழும் உரிமை, 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்புக்குத் தடை. இந்த 23-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, வளர்ச்சின்னா என்ன? ஓசூர் வளர்ந்துடுச்சுன்னு சொல்றமே, அதானே?

அதேதான். ஓர் ஆண்டில் ஒரு பகுதியில் உற்பத்தியான பொருள், சேவை எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டினால் ஓர் எண் வரும். அது வருடா வருடம் கூடினால் வளர்ச்சி. 1970-களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரில் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. இப்போது அந்தப் பக்கம் செல்போன் பாகங்களும், போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டரும். பல வீடுகளில் சோறும் படிப்பும் வந்தது இதனால்தான். வளர்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் அந்த எண்ணில் ஏறாத செலவு ஒன்று உண்டு. ஓசூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கெலவரப்பள்ளி அணை. பெங்களூருவின் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து தென்பெண்ணை அங்கே வெள்ளை நுரையாகப் பொங்கி வருவதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. மேலே ஆலையில் செய்த பொருளின் விலை உற்பத்திக் கணக்கில் ஏறிவிட்டது. கீழே அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிறவருடைய நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

உரிமை என்பது, ஏறாத செலவைக் கணக்கில் ஏற்றச் சொல்லிக் கேட்கும் வழி. 1996-இல் பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: மாசு செய்தவர்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த வழக்கில் அடிப்படையாக நின்றது 21-ஆவது பிரிவு. கீழே வரும் பதில்களில் பாதி, இந்த 'ஏறாத செலவு' பற்றியதுதான்.

முதல்ல நாடு பணக்காரன் ஆகட்டும். சாப்பாட்டுக்கே வழியில்லாதப்ப உரிமை எதுக்கு? அப்புறம் பார்த்துக்கலாம்ல?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இது. கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பசியைப் பார்த்தவர்கள்தான் கேட்கிறார்கள்.

ஆனால் நடந்த வரிசையைப் பாருங்கள். 1956-இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு பணக்கார மாநிலம் இல்லை. பணம் வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று காத்திருக்கவில்லை. சோறு போட்டதால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அடுத்த தலைமுறையில் ஓசூர் ஆலைக்குப் படித்த ஆள் கிடைத்தது அதனால்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியபோதும் 'இவ்வளவு செலவு மாநிலம் தாங்குமா' என்று கேட்டார்கள்.

'அப்புறம்' எவ்வளவு நீளும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. காவிரி நம் ஒகேனக்கல்லில் விழுகிறது. ஆனால் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் ஊர்களில் மக்கள் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தார்கள். என் வகுப்பில் பழுப்பேறிய பல்லை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகள் இருந்தார்கள். முப்பது வயதில் முட்டி மடக்க முடியாத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013-இல். அதற்குள் எத்தனை பேருடைய எலும்பு வளைந்துவிட்டது. வளைந்த எலும்பைப் பின்னால் வரும் பணம் நிமிர்த்தாது. சில உரிமைகளுக்கு 'அப்புறம்' என்பதே கிடையாது.

சிங்கப்பூர், சீனா, கொரியா எல்லாம் கண்டிப்பான ஆட்சியிலதானே வளர்ந்தாங்க? நம்ம ஊர்ல ஜனநாயகம் ஜாஸ்தி, அதான் லேட்டு.

சிங்கப்பூரும் தென் கொரியாவும் கெடுபிடியான ஆட்சியில் வேகமாக வளர்ந்தது உண்மை. இதை மறுப்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் கெடுபிடி ஆட்சிகளின் முழுப் பட்டியலையும் எடுங்கள். 1965 முதல் 1997 வரை மொபுட்டு ஆண்ட ஜயர் (இன்றைய காங்கோ), பல பத்தாண்டுகள் ராணுவத்தின் கையில் இருந்த மியான்மர், தென் கொரியாவுக்கு மேலேயே இருக்கும் வட கொரியா. கண்டிப்புதான் காரணம் என்றால் இவை எல்லாம் எங்கேயோ போயிருக்க வேண்டும். மறுபுறம் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா 1966-இல் விடுதலை அடைந்ததிலிருந்து தவறாமல் தேர்தல் நடத்திக்கொண்டே, பல பத்தாண்டுகள் உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்றாக இருந்தது. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

அந்த நாடுகளுக்குள்ளேயும் போய்ப் பாருங்கள். தென் கொரியா ஆலை கட்டுவதற்கு முன், 1950-ஐ ஒட்டி, குத்தகைக்காரர்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பியது. இவை இரண்டும் பொருளாதார உரிமைகள். சீனாவில் 1978-இல் அன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் கிராமத்தில், கூட்டுப் பண்ணையில் உழைத்த 18 உழவர்கள் ரகசியமாகக் கைநாட்டு வைத்து, அவரவர் நிலத்தில் அவரவர் பயிர் செய்து, அரசுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். விளைச்சல் கூடியது. அரசு அதையே கொள்கையாக ஏற்றது. சீனாவின் வளர்ச்சி தொடங்கிய இடத்தில், பறிக்கப்பட்ட ஓர் உரிமை திரும்பக் கிடைத்தது. அதற்கு இருபது வருடம் முன்னால் அதே நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் செத்தார்கள். பயிர் பொய்த்ததை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. செயல்படும் ஜனநாயகத்தில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் சொன்னதற்குப் பின்னால் 1943 வங்கப் பஞ்சத்தோடு இந்தப் பஞ்சமும் நிற்கிறது.

இன்னும் ஒன்று. 1970 நவம்பர் 13 அன்று சியோலில் தையல் தொழிலாளியாக இருந்த சோன் தே-இல் என்ற 22 வயது இளைஞர், தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கேட்டுத் தன்னையே எரித்துக்கொண்டார். சட்டம் இருந்தது, யாரும் மதிக்கவில்லை. கொரியாவின் வளர்ச்சியைப் பாடமாக நடத்தும்போது நான் இவரை விட்டதே இல்லை. 1987-இல் அங்கே ஜனநாயகம் வந்தது, கூலி உயர்ந்தது, நாடு அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

எண்ணாக வேண்டும் என்பவர்களுக்கு: அசெமோக்ளு, ராபின்சன் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளில் அடுத்த 25 ஆண்டுகளில் தலைக்கு உற்பத்தி சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். அதற்கு முந்தைய ஆய்வுகள் பலவற்றில் இரண்டு பக்கமும் தெளிவான முடிவு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொண்ணுங்க படிச்சா வளர்ச்சி வருமா, வளர்ச்சி வந்தா பொண்ணுங்க படிப்பாங்களா?

இரண்டும் நடக்கும். ஆனால் வளர்ச்சி தானாக எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்பினால் நம் மாவட்டமே பொய்யாக்கிவிடும். 2001 கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 826 பெண் பிள்ளைகள்தான் இருந்தார்கள். மீதிப் பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நமக்குத் தெரியும். முதலில் கள்ளிப்பால். கையில் கொஞ்சம் காசு வந்த பிறகு ஸ்கேன். வருமானம் கூடியது அந்தக் கொடுமையை நிறுத்தவில்லை, அதற்குப் புதுக் கருவி வாங்கிக் கொடுத்தது. கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 1992-இல் சேலத்தில் தொடங்கிப் பின் இங்கேயும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம், ஊர் ஊராகப் போய்ப் பேசிய செவிலியர்கள், மகளிர் குழுக்கள் எல்லாம் சேர்ந்து 2011-இல் அந்த எண் 900-ஐத் தாண்டியது. இன்றும் ரகசிய ஸ்கேன் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதே மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில்தான் தொடங்கின, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் தொடங்கிவைத்ததும் நம் தொப்பூரில்தான். மாதம் 1,000 ரூபாய். அதை உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் ஏறாத செலவு, ஏறாத வருமானம் இரண்டும் ஆயிற்றே.

கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1960-இல் மருத்துவர், வழக்கறிஞர்களில் 94 சதவீதம் வெள்ளை ஆண்கள். 2010-இல் அது 62 ஆனது. பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கதவு திறந்ததால் மட்டும் அந்த ஐம்பது ஆண்டுகளின் தலா உற்பத்தி வளர்ச்சியில் 20 முதல் 40 சதவீதம் வந்தது என்று நான்கு பொருளியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பெண்ணுக்கு அந்தக் கோடையிலேயே கல்யாணம் என்று பத்திரிகை கொண்டுவந்து நீட்டுவார்கள். அப்போதெல்லாம் இந்தக் கணக்கு என் மனதில் ஓடும்.

குறைந்தபட்சக் கூலி கட்டாயம்னா முதலாளி மூடிட்டு ஆந்திராவுக்குப் போயிடுவார்ல? பார்டர் பக்கத்துலதானே இருக்கு.

இந்தப் பயம் முழுக்கப் பொய்யில்லை. கூலியை விளைதிறனுக்குச் சம்பந்தமில்லாமல் ஏற்றினால் வேலை குறையும். ஆனால் எவ்வளவு ஏற்றினால் குறையும் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி, மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 ஆக்கியது. கூலி ஏறாத பக்கத்து மாநிலத்து உணவகங்களோடு ஒப்பிட்டு கார்டு, குருகர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1994-இல் எழுதினார்கள்: வேலை குறையவில்லை. டேவிட் கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

காரணம் எளிது. ஒரு கிராமத்தைச் சுற்றி ஒரே கிரானைட் குவாரி, ஒரே மாங்கூழ் ஆலை என்றால் அங்கே கூலியை நிர்ணயிப்பது சந்தை இல்லை, அந்த ஒருவர். அவர் கொடுப்பது உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாக இருக்கும். சட்டம் கூலியை மதிப்பின் பக்கம் நகர்த்தும்போது அவருடைய லாபம் குறையும், ஆள் குறைய வேண்டியதில்லை. தோத்தாபுரி மாங்காய் சீசனில் இரண்டு மாதம் இரவு பகலாக நிற்கும் பெண்களைக் கேளுங்கள், பேரம் பேச அவர்களுக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று.

அப்புறம், ஆலை ஊர் மாறுவது கூலியை மட்டும் பார்த்து இல்லை. ஓசூருக்கு ஆலைகள் வந்ததில் பெங்களூரு பக்கம் என்பது பெரிய காரணம். சாலை, மின்சாரம், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தது அது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று சொல்லிவிட்டது. வயிறு கட்டாயப்படுத்தினாலும் அது கட்டாயம்தான்.

அட்வான்ஸ் வாங்கினவன் அடைக்கிற வரைக்கும் வேலை செய்யத்தானே வேணும்?

வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டப்படி, வேறு வேலைக்குப் போக விடாமல் கட்டிப்போடும் முன்பணக் கடன் செல்லாது. திருப்பித் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டியவர் கோட்டாட்சியர். நமக்குத் தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என நான்கு கோட்டங்கள்.

வளர்ச்சிக் கண்ணோடு பார்த்தாலும் இது நஷ்டம். ஆள் ஓடிப்போக முடியாத செங்கல் சூளையில் யாரும் இயந்திரம் வாங்க மாட்டார்கள். கூடக் கூலி கிடைக்கும் இடத்துக்கு உழைப்பு போகாது. பிள்ளை அங்கேயே கல் அடுக்கும்.

சிப்காட்டுக்கு நிலம் எடுத்தா ஊருக்கே வேலை வரும். நாலு பேர் கொடுக்க மாட்டேன்னு உட்கார்ந்தா எப்படி?

சரியான கேள்வி. பொதுத் தேவைக்கு நிலம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சாலை இல்லாமல் மாங்காய் சந்தைக்குப் போகாது. ஆனால் எப்படி எடுக்கிறோம் என்பதில் உரிமை இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நல்ல ஏற்பாடு செய்தது: தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் ஒப்புதல், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டம் என்றால் 70 சதவீதம், சமூகத் தாக்க ஆய்வு, கிராமப்புறத்தில் சந்தை விலையைப் போல் நான்கு மடங்கு வரை இழப்பீடு. தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன்படி எடுத்தால் இழப்பீடு உண்டு, ஒப்புதலும் தாக்க ஆய்வும் கட்டாயமில்லை. உயர் நீதிமன்றம் 2019-இல் அதைச் செல்லாது என்றது. மாநில அரசு புதிதாகச் சட்டம் இயற்றிச் சரிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரி. ஆனால் ஒப்புதல் கேட்காமல் எடுத்தால் சண்டை நீளும் என்பதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

நம் இரண்டு மாவட்டத்தின் வழியாகவும் போவதாக இருந்த சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையை எடுங்கள். 2018-இல் கல் நட்டார்கள். அழுதுகொண்டே கல்லைப் பிடுங்கிய அம்மாக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடரலாம் என்றது, ஆனால் நிலத்தை அரசு பேருக்கு மாற்றிய வருவாய்ப் பதிவுகளை ரத்து செய்தது. விளைநிலத்தில் எரிவாயுக் குழாய் பதிக்கும் விவகாரத்தில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை வாங்குவதுகூட இல்லை. பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தை மதிப்பில் பத்து சதவீதம் கொடுக்கும். பட்டா உங்களிடம் இருக்கும், ஆனால் குழாய் போகும் அந்த நிலப்பட்டையில் ஒரு மாங்கன்று நட முடியாது. இது ஏறாத செலவு இல்லாமல் வேறென்ன?

இன்னொரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பட்டா இல்லாத குத்தகைக்காரர், அந்த வயலில் களை எடுத்தவர், மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டியவர். 2013 சட்டம் இவர்களையும் பாதிக்கப்பட்டவர்கள் என்கிறது. கிராம சபையில் இவர்கள் பெயரும் எழுதப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

பன்னெண்டு மணி நேரம் வேலை செய்ய நானே தயார். கூடச் சம்பளம் வரும். நடுவுல சட்டம் ஏன் வருது?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அப்போதுதான் இந்தக் கேள்வியை ஓசூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போனில் கேட்டான்.

நீ தயார் என்பதை நம்புகிறேன் தம்பி. உன் பக்கத்தில் நிற்பவர் முடியாது என்று சொல்லிவிட்டு வேலையில் நீடிக்க முடியுமா? முடியும் என்றால்தான் உன் சம்மதம் சம்மதம். 2013 ஏப்ரலில் வங்கதேசத்து ராணா பிளாசா கட்டடத்தில் முந்தைய நாளே விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது. மேலே தையல் தொழிலாளர்களை வரச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களும் தங்கள் காலால் நடந்துதான் உள்ளே போனார்கள். மறுத்தால் சம்பளம் போகும் என்ற பயம்தான் காரணம். அதற்குப் பிறகு கட்டடப் பாதுகாப்புக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது. ஆலைகளைச் சரிசெய்யச் செலவானது. வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதி அதன் பிறகும் வளர்ந்தது.

தூரத்து ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. செத்தவர்களில் பலர் அரூர்ப் பக்கத்து அம்மாபேட்டையிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்குப் போன பையன்கள், அதில் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. கல்லூரிச் செலவுக்குக் காசு சேர்க்கப் போன பிள்ளைகள்.

சாதிப் பிரச்சினையைக் கிளறாம இருந்தாலே ஊர் வளரும். ஏன் அதையும் உரிமைன்னு இழுக்கறீங்க?

2012 நவம்பர் 7 அன்று நம் தர்மபுரிப் பக்கத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அந்த வீடுகளில் பல, பெங்களூருவில் கட்டட வேலை பார்த்துச் சிறுகச் சிறுகக் கட்டியவை. பீரோ, டிவி, நகை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் சாம்பல்.

சேமிப்பும் முதலீடும்தான் வளர்ச்சிக்கு அடிப்படை என்று பதினொன்றாம் வகுப்பில் நடத்தினேன். சேமித்தது நாளைக்கும் இருக்கும் என்ற உறுதி இல்லாதவர் எதை நம்பிச் சேமிப்பார்? நான் கிளறுவதாக நினைத்தாலும் பரவாயில்லை. இதைப் பேசாமல் தர்மபுரியின் பொருளாதாரத்தைப் பேச என்னால் முடியாது.

உரிமை உரிமைன்னே சொல்றீங்க, கடமையைப் பத்திப் பேச மாட்டீங்களா?

பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். ஒருவர் உரிமை இன்னொருவர் கடமை. ஐ.நா. 2011-இல் ஏற்ற வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகள் அதை மூன்றாகப் பிரிக்கின்றன: அரசு பாதுகாக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கிடைக்க வேண்டும்.

சரி டீச்சர், எங்களுக்கு ஏதாவது நடந்தா எங்கே போறது?

கூலி பாக்கி, விபத்து இழப்பீடு என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். தொலைபேசி 15100. குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழிலாளர் என்றால் 1098. பெண்களுக்கு 181. அரசு ஊழியர் செய்த மீறல் என்றால் மாநில மனித உரிமை ஆணையம். ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். இந்த ஓராண்டு தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேதி, இடம், சாட்சி மூன்றையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியா ஒண்ணு. உரிமை கொடுத்தா வளர்ச்சி குறையும்னு நாளைக்கு யாராவது நிரூபிச்சுட்டா? அப்ப என்ன சொல்வீங்க?

இதைக் கேட்டது அரூர்ப் பக்கத்துப் பையன். அன்று பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை பதில்களிலும் உரிமையால் வளர்ச்சிக்கு நன்மை என்றே சொல்லி வந்தேன். அதில் ஆபத்து இருக்கிறது. நன்மை இல்லை என்று ஓர் ஆய்வு வந்தால் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா என்ற கேள்வி வரும். உண்மையில் சில இடங்களில் உரிமை செலவு வைக்கும். திட்டம் தாமதமாகும், பொருள் விலை ஏறும். அப்போதும் என் பதில் மாறாது. 23-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். 'வளர்ச்சிக்கு உதவும் வரை' என்று அதில் எழுதவில்லை.

அவன் ஊருக்குப் பக்கத்தில்தான், சித்தேரி மலையடிவாரத்தில், வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல், வருவாய் ஊழியர்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். சந்தனம் அரசுக்கு வருமானம். வீடுகளை உடைத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றது, வாழ்வாதாரத்துக்கு வேலையோ தொழிலோ ஏற்பாடு செய்யச் சொன்னது. 31 வருடம் அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டுக்கும் மலைக்கும் நடந்தார்கள். அவர்களில் யாரும் மாநிலத்தின் உற்பத்தி கூடுமா குறையுமா என்று பார்த்துக்கொண்டு வழக்குக்கு வரவில்லை. பையன் தலையை ஆட்டினான். அவன் பாட்டிக்கு அந்தப் பெண்களில் ஒருவரைத் தெரியும் என்றான்.